மூன்றாவது அடியில் டிரைவ்: ஒன்று வெளியே போகிறது, இல்லையென்றால் என் காலடிக்கே திரும்பி வருகிறது

பின்கோடு

வணக்கம் நண்பர்களே. பிக்கிள்பால் (பேடில் என்கிற கைப்பலகையால் ஓட்டைப் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம்) ஆட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கும் மேல் ஷட்டில் ஆடியவன். இங்கே ஆடுவது பெரும்பாலும் இரட்டையர்தான். டிங்க் (வலையோரம் மெதுவாகத் தட்டிவிடுவது), பிளாக் (வேகமாக வரும் பந்தைப் பேடிலைக் காட்டித் திருப்புவது), வலையோர வாலி (தரையில் படும் முன் அடிப்பது) எல்லாம் ஓரளவு கைக்குப் பழகிவிட்டன. சர்வும் ஆழமாக விழுகிறது. டிரைவ், அதாவது பந்தைத் தாழ்வாக, வேகமாக அடிப்பது மட்டும் பிடிபடவே இல்லை.

நடப்பது இதுதான். நாங்கள் சர்வ் போடுகிறோம். எதிரணி ரிட்டர்ன் எடுத்துவிட்டுக் கிச்சன் கோட்டுக்கு (வலையை ஒட்டிய 7 அடிப் பகுதியின் எல்லைக்கோடு) வந்துவிடுகிறது. மூன்றாவது அடி எனக்கு வந்தால் பலமாக டிரைவ் அடிக்கிறேன். பத்தில் மூன்று நான்கு பேஸ்லைனைத் தாண்டிப் போய்விடும். இரண்டு வலையில். மிச்சம் உள்ளே போகிறது, ஆனால் எதிரில் நிற்பவர் பேடிலைச் சும்மா காட்டியே பந்தை என் காலடிக்குத் திருப்பிவிடுகிறார். இன்னும் பலமாக அடித்தால் இன்னும் வேகமாகத் திரும்பி வருகிறது.

வேகத்தை எப்படிக் கூட்டுவது, கூட்டியும் உள்ளே எப்படி வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பேடில் மாற்ற வேண்டுமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

கிச்சன்காவலர்

இரண்டு விஷயம் தெரிந்தால் பதில் சொல்ல வசதி. பந்தைத் தொடும்போது அது உங்கள் உடம்புக்கு முன்னால் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா? எவ்வளவு உயரத்தில் தொடுகிறீர்கள்? நினைவில் இருந்து சொல்லாதீர்கள். செல்போனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு பத்து டிரைவைப் படம் பிடித்துப் பாருங்கள். எல்லோரும் முன்னால் தொடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

நாற்பதுதுளை

ஷட்டிலில் இருந்து வந்தவர் என்றதுமே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வீடியோ வரும் வரை காத்திருக்காமல் எழுதிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள்.

ஷட்டில்காக்கின் எடை 5 கிராம் அளவுதான். பிக்கிள்பால் பந்து விதிப்படி 22.1 கிராமில் இருந்து 26.5 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஷட்டில் ராக்கெட் நூறு கிராமுக்கும் குறைவு, நம் பேடில் இருநூறைத் தாண்டும். ஷட்டிலில் மணிக்கட்டையும் முன்கையையும் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போதும், காக் பறந்துவிடும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் இரண்டு கெடுதல் உண்டு. கனமான பேடிலை மணிக்கட்டு மட்டும் தள்ள முடியாது, அதனால் வேகம் வராது. அது போகட்டும். இரண்டாவதுதான் பெரிய சிக்கல்: மணிக்கட்டு சொடுக்கும்போது பேடிலின் முகம் கணத்துக்குக் கணம் திரும்பிக்கொண்டே இருக்கும். பந்தைச் சரியாக எந்தக் கணத்தில் தொட்டீர்கள் என்பதைப் பொறுத்து அது மேலே போகும் அல்லது வலையில் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேஸ்லைனில் இருந்து வலைக்கு 22 அடி. பந்து புறப்படும் கோணம் ஒரே ஒரு டிகிரி மாறினால் வலையருகே உயரம் நாலரை அங்குலம் மாறிவிடும். மூன்று டிகிரி என்றால் ஓர் அடிக்கும் மேல். நீங்கள் எழுதியிருப்பதைப் பாருங்கள்: சில வெளியே, சில வலையில். ஒரே பக்கம் தவறினால் குறி வைத்ததில் பிழை என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் தவறுகிறது என்றால் முகம் நிலையாக இல்லை.

சரி, மாற்றாக என்ன செய்வது? மணிக்கட்டைப் பின்னுக்கு லேசாக மடித்து, அடி முடியும் வரை அப்படியே வைத்திருங்கள். விறைப்பாக இல்லை, அசையாமல். வேகம் வர வேண்டியது கீழிருந்து. ரிட்டர்ன் உங்கள் பக்கம் வருகிறது என்று தெரிந்த உடனே தோள், இடுப்பு, பேடில் மூன்றும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பந்து தரையில் பட்ட பிறகு திரும்ப ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது, கைதான் மிச்சம். முழங்கால் மடிந்திருக்கட்டும். எடை பின்காலில் இருந்து முன்காலுக்கு வர, இடுப்பு திரும்ப, தோள் பின்தொடர, கை கடைசியாக வரட்டும். பேடிலின் நுனி பந்துக்குக் கீழே போய், கீழிருந்து மேலாக ஏறி, முன்காலுக்கு முன்னால் பந்தைத் தொட்டு, எதிர்த்தோள் பக்கம் போய் முடியட்டும். கையை இழுத்துப் பிடித்துப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இதில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்ற நேரம் இருக்கிறது என்றால், சீக்கிரம் திரும்புவதை மாற்றுங்கள். மற்றவை அதைத் தொற்றிக்கொண்டு வரும்.

இருகை

நான் டென்னிஸில் இருந்து வந்தவள். எனக்கு நேர் எதிரான நோய். பேடிலை முதுகுக்குப் பின்னால் வரை கொண்டுபோய்விடுவேன். டென்னிஸ் பந்து எழும்பி வரும், அதற்கு நேரம் கிடைக்கும். இந்த பிளாஸ்டிக் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். பேடில் திரும்பி வருவதற்குள் பந்து உடம்பைத் தாண்டியிருக்கும். நான் பழகிக்கொண்ட வழி: பின்னுக்கு எடுத்த பேடில் கடைக்கண்ணில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதிகமாக எடுத்துவிட்டேன் என்று பொருள். ஷட்டில்காரர்களுக்கு இந்தக் குறை இருக்காது, அது உங்களுக்கு லாபம்.

கிரிப்பையும் ஒரு முறை பாருங்கள். வலையோரத்தில் நிற்கும்போது கோடாலி பிடிக்கிற மாதிரி பிடிப்பது வசதி, ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் அதிலேயே எடுக்கலாம். அதே பிடியோடு ஃபோர்ஹேண்ட் டிரைவ் அடித்தால் பேடில் முகம் வானத்தைப் பார்க்கும், அதைச் சரிக்கட்ட மணிக்கட்டைத் திருப்ப வேண்டிவரும். உள்ளங்கையும் பேடில் முகமும் ஒரே திசையைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பிப் பிடியுங்கள். உள்ளங்கையால் பந்தைத் தள்ளுவது போல இருக்கும். எனக்கு வெளியே போன பந்துகளில் பாதி இதிலேயே குறைந்தது.

கிச்சன்காவலர்

//இன்னும் பலமாக அடித்தால் இன்னும் வேகமாகத் திரும்பி வருகிறது//

நான் பெரும்பாலும் வலையில் நின்று உங்களைப் போன்றவர்களின் டிரைவை வாங்குகிறவன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

உங்கள் பேஸ்லைனில் இருந்து என் கிச்சன் கோட்டுக்கு 29 அடி. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 58 அடி. ஓட்டைப் பந்து காற்றில் வேகம் இழக்கும் என்பதையெல்லாம் விட்டுவிட்டாலும் எனக்கு அரை வினாடி கிடைக்கிறது. பேடிலை முன்னால் வைத்துத் தயாராக நிற்பவனுக்கு அது போதும். நெஞ்சுக்கு நேராக வருகிற, சுழற்சி இல்லாத, வேகமான பந்து எனக்கு மிகவும் பிடித்த பந்து. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்கள் கொடுத்த வேகத்திலேயே அது திரும்பிப் போகும். தோளுக்கு மேல் வந்தால் இன்னும் சுலபம், விலகிக்கொள்வேன். அது வெளியேதான் விழும்.

என்னைத் தொந்தரவு செய்கிற பந்து வேறு. வலையைத் தாண்டியதும் தலை கவிழ்ந்து இறங்கும் பந்து. வலைக்கும் எனக்கும் நடுவில் 7 அடிதான். நீங்கள் தட்டையாகப் பலமாக அடித்த பந்து அந்த 7 அடியைக் கடக்க 0.12 வினாடி எடுக்கிறது. வலையை மட்டமாகத் தாண்டிய பந்தை அதற்குள் புவியீர்ப்பு இறக்குவது 3 அங்குலத்துக்கு மேல் இல்லை. வலைக்கு ஓர் அடி மேலே தாண்டினால் எனக்கு வலை உயரத்துக்கு முக்கால் அடி மேலே கிடைக்கும், மேலிருந்து கீழே தட்டிவிடுவேன். கொஞ்சம் வேகம் குறைந்து, டாப்ஸ்பின்னோடு (முன்னோக்கிய சுழற்சியோடு) வருகிற பந்து அதே 7 அடியில் வலைக்குக் கீழே இறங்கிவிடும். அதை நான் கீழிருந்து மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிய பந்து உங்களுக்கோ உங்கள் பார்ட்னருக்கோ வசதியாக வரும்.

அதனால் டிரைவ் என்றால் வேகம் என்ற எண்ணத்தையே கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்களால் முடிந்ததில் 70 சதவீத வேகம், மிச்சத்தைச் சுழற்சிக்குக் கொடுங்கள்.

எங்கே அடிப்பது என்பதும் முக்கியம். வலது கைக்காரருக்கு வலது இடுப்பு, வலது அக்குள் பக்கம் வருகிற பந்து ரொம்பக் கஷ்டம். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று முடிவு செய்வதற்குள் முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அடுத்தது இருவருக்கும் நடுவே. யாருடைய பந்து என்ற தயக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. அந்த 2 அங்குலம் சும்மா கிடைக்கிற சலுகை.

இன்னொன்று. ரிட்டர்ன் எடுத்தவர் முன்னால் ஓடி வந்துகொண்டிருப்பார். அவர் பார்ட்னர் ஏற்கனவே கோட்டில் அசையாமல் நிற்பார். ஓடி வருகிறவரிடம் அடியுங்கள். ஓடும் காலோடு பிளாக் செய்வது எனக்கே இன்னும் சரியாக வரவில்லை.

வலைக்குமேல்

நல்ல இழை. நானும் இதே இடத்தில்தான் நிற்கிறேன். பேடில் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் 16 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது வைத்திருக்கிறேன். 14 வாங்கினால் வேகம் வரும் என்கிறார்கள்.

நாற்பதுதுளை

பொதுவாக மெல்லிய பேடிலில் பந்து சட்டென்று தெறிக்கும், தடித்ததில் அடங்கி வரும். அது உண்மைதான். ஆனால் இந்த இழையில் இதுவரை பேசியது வேகம் போதவில்லை என்பதைப் பற்றி இல்லை, வேகம் அடங்கவில்லை என்பதைப் பற்றி. முகம் நிலைக்காத கையில் தெறிக்கிற பேடிலைக் கொடுத்தால் இன்னும் இரண்டு அடி தள்ளிப் போய் விழும். மூன்று மாதம் கழித்து யோசியுங்கள்.

உங்கள் பேடில் கார்பன் ஃபைபர் முகம் உள்ளது என்றால் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தேய்ந்து வழுவழு என்று ஆகியிருந்தால் டாப்ஸ்பின் குறையும். அப்போது மாற்றலாம், அது நியாயமான காரணம். பந்துத் துகள் அப்பிக்கொண்டிருந்தால் முதலில் துடைத்துப் பாருங்கள்.

மெல்லடி

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. டிரைவ் பழகும் ஆர்வத்தில் முழங்கையைக் கெடுத்துக்கொண்டு நான்கு மாதம் பேடிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். நாற்பதுதுளை சொன்னதைத் தலைகீழாகச் செய்தேன். உடம்பு திரும்பாமல் கையால் மட்டும் அடித்தேன், கைப்பிடியை உயிரே போவது போல இறுக்கினேன். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தபோது பொருட்படுத்தவில்லை. பிறகு தண்ணீர்க் குவளையைத் தூக்கினாலே வலித்தது.

பிடியின் இறுக்கத்தைப் பத்துக்கு என்று வைத்தால், காத்திருக்கும்போது மூன்று, தொடும்போது ஐந்து. அதற்கு மேல் வேண்டாம். தளர்ந்த கையில்தான் பேடில் வேகமாக வீசும் என்பதையும் பிறகுதான் கண்டேன். வலி வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். பட்டையைச் சுற்றிக்கொண்டு தொடராதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். டிரைவ் பயிற்சியில் எதிரே வலையோரம் நிற்பவர் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். 29 அடியில் இருந்து வரும் பந்து பேடில் விளிம்பில் பட்டு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைக் கேட்பாரற்ற அறிவுரையாக விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

பின்கோடு

எல்லோருக்கும் நன்றி. வீடியோ எடுத்தேன். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கண் திறந்தது.

பந்தை முன்னால் தொடுகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பத்தில் ஏழு பின்காலுக்கு நேராக. கால்கள் நிமிர்ந்தே இருக்கின்றன. பந்து என் பக்கம் தரையில் பட்ட பிறகுதான் தோள் திரும்பவே ஆரம்பிக்கிறது. மணிக்கட்டு, நாற்பதுதுளை சொன்னது அப்படியே. கடைசியில் ஒரு சொடுக்கு.

யாரும் கேட்காத ஒன்றும் தெரிந்தது. அடித்த பிறகு நான் அப்படியே நிற்கிறேன். பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு பேஸ்லைனுக்கு ஓர் அடி பின்னால், பேடில் தொடையருகே தொங்க. பந்து என் காலடிக்கு வருவதில் பாதிக் காரணம் எதிராளி இல்லை போலிருக்கிறது.

மெல்லடி ஐயா, கண்ணாடி விஷயம் எங்கள் குழுவில் சொல்லிவிட்டேன். இருவர் ஏற்கனவே போடுகிறார்கள். நானும் போடப் போகிறேன்.

இனி எப்படிப் பயிற்சி செய்வது?

நாற்பதுதுளை

நீங்களே கண்டுபிடித்த அந்தக் கடைசி விஷயம் இந்த இழையிலேயே முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தனியாக, ஒரு சுவர் போதும். தரையில் இருந்து 36 அங்குலத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள், அதற்கு ஓர் அடி மேலே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் பந்து பட வேண்டும். சுவரில் இருந்து 22 அடி தள்ளி நின்று, பந்தைக் கையால் கீழே போட்டு, எழும்பியதும் அடியுங்கள். திரும்பி வரும் பந்தைத் துரத்த வேண்டாம். பிடித்து மறுபடியும் போடுங்கள். முதல் வாரம் பாதி வேகம்தான். பாதி வேகத்தில் பத்தில் எட்டு பட்டைக்குள் பட்டால் கொஞ்சம் கூட்டுங்கள். எட்டுக்குக் கீழே இறங்கினால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பொறுமை வேண்டும், இது சலிப்பாகத்தான் இருக்கும்.

பந்தைப் போடும் இடத்தைக் கவனியுங்கள். முன்காலுக்கு ஒரு கை தூரம் முன்னால். இது பழகினால் ஆட்டத்தில் பந்து பின்னால் வரும்போது உங்களுக்கே சங்கடமாக இருக்கும், காலைச் சரிசெய்யத் தொடங்குவீர்கள். டிரைவ் சரியாக வராததற்குக் கையைக் குறை சொல்கிறோம். பல நேரம் கால் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. சின்னச் சின்ன அடியாக வைத்துப் பந்துக்குப் பின்னால் போய் நிற்பதுதான் பாதி டிரைவ்.

அப்புறம் ஒரு பார்ட்னரோடு. அவர் கிச்சன் கோட்டில் நின்று உங்களுக்கு ஆழமாக ஒரு பந்து தரட்டும். நீங்கள் டிரைவ் அடிக்க வேண்டும், அவர் பிளாக் செய்ய வேண்டும். அந்தப் பிளாக்கை நீங்கள் கிச்சனுக்குள் டிராப் செய்ய வேண்டும், அதாவது மெத்தென்று விழவைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு எண்ணிக்கை. டிரைவ் எவ்வளவு அழகாகப் போனாலும் டிராப் விழவில்லை என்றால் பூஜ்யம். இங்கேதான் நீங்கள் வீடியோவில் பார்த்தது வருகிறது. அடித்து முடித்த கணத்தில் பேடில் மார்பு உயரத்துக்குத் திரும்பி, இரண்டு அடி முன்னால் வந்து, எதிராளி பந்தைத் தொடும் நேரத்தில் இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே ஐந்தாவது அடியை (அந்த டிராப்பை) எடுத்தால் அது நிச்சயம் உயரும்.

டிரைவ் அடிப்பவர்கள் அதைக் கடைசி அடியாக நினைத்து அடிக்கிறார்கள். அது ஐந்தாவது அடிக்கான தயாரிப்பு. ஐந்தாவதைச் சுலபமாக்குகிற டிரைவ் நல்ல டிரைவ், எவ்வளவு மெதுவாகப் போனாலும்.

கிச்சன்காவலர்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எல்லாப் பந்துக்கும் டிரைவ் என்று ஆகிவிடக் கூடாது. ஆழமாக வந்து, நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டு, முழங்காலுக்குக் கீழே தொட வேண்டிய பந்து என்றால் டிராப் போடுங்கள். அவ்வளவு கீழே இருக்கிற பந்தை வேகமாக வலைக்கு மேல் அனுப்ப வேண்டும் என்றால் மேல்நோக்கித்தான் அடிக்க முடியும். மேல்நோக்கிப் போகும் வேகமான பந்து எங்கே விழும் என்பது தெரிந்ததே.

ரிட்டர்ன் குட்டையாக விழுந்து, முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே எழும்பி நிற்கிறதா, உங்கள் எடை முன்னால் இருக்கிறதா, அப்போது டிரைவ். என் கருத்தில் டிராப் முழுமையாக வந்த பிறகுதான் ஒருவர் டிரைவ் பக்கமே வர வேண்டும்.

இருகை

அந்தக் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். டிராப் மிகவும் நுணுக்கமான அடி. பேஸ்லைனில் இருந்து அடித்து 7 அடிக் கிச்சனுக்குள் மெத்தென்று விழவைக்க வேண்டும். அது முழுமையாக வரும் வரை டிரைவைத் தொடக் கூடாது என்றால் பலர் ஒரு வருடம் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். டிரைவ் அடித்து, திரும்பி வரும் பிளாக்கை டிராப் செய்வது எனக்கு நேரடி டிராப்பை விடச் சுலபமாக இருக்கிறது. காரணம் எளிது: பிளாக் ஆன பந்து பெரும்பாலும் பேஸ்லைன் வரை வராது. நான் இரண்டு மூன்று அடி முன்னால் நின்று அடிக்கிறேன், தூரம் குறைவு. இரண்டையும் கூடவே கற்றுக்கொள்ளலாம்.

பேக்ஹேண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்கோடு, ஷட்டில் பழக்கத்தில் பேக்ஹேண்டை ஒரு கையால் சொடுக்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இரண்டு கையால் ஒரு மாதம் முயன்று பாருங்கள். இடது கை மேலே, வலது கை கீழே. வலது கைக்காரர் இடது கையால் ஃபோர்ஹேண்ட் அடிப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும், வலது கை கூடவே வரும். மணிக்கட்டு தானாகவே கட்டுப்படும், டாப்ஸ்பின்னும் வரும். கைப்பிடி குட்டையாக இருந்தால் இடது கையின் ஆட்காட்டி விரலைப் பேடில் முகத்தின் மேல் நீட்டி வைக்கலாம். எட்டும் தூரம் கொஞ்சம் குறையும், அதற்குக் கால் ஓட வேண்டும்.

கிச்சன்காவலர்

//திரும்பி வரும் பிளாக்கை டிராப் செய்வது எனக்கு நேரடி டிராப்பை விடச் சுலபமாக இருக்கிறது//

இதை யோசித்துப் பார்த்தேன். நியாயம்தான். நான் பிளாக் செய்யும்போது பந்தை ஆழமாகத் திருப்பிவிடுவேன், அதனால் எனக்கு எதிராக ஆடுகிறவர்களுக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. எல்லோரும் அப்படிப் பிளாக் செய்வதில்லை என்பதை மறந்துவிட்டேன். இரண்டையும் சேர்த்தே பழகுங்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூலைவிட்டமாக அடித்தால் கோர்ட் நீளம் 44 அடிக்குப் பதில் 48 அடிக்கு மேல் கிடைக்கும், வெளியே போகும் பயம் குறையும் என்று சொல்வார்கள். ஒற்றையரில் அது சரி. இரட்டையரில் மூலைவிட்ட டிரைவ் நடுவே நிற்பவருக்கு முன்னால் கடந்து போகிறது, அவர் கை நீட்டி எடுத்து உங்கள் பார்ட்னர் காலடியில் போட்டுவிடுவார். எனக்கு எதிரில் நேராகவும் நடுவிலும் அடிப்பவர்கள்தான் கஷ்டம் கொடுக்கிறார்கள்.

வலைக்குமேல்

ஷேக் அண்ட் பேக் என்று ஒன்று சொல்கிறார்களே, அது இந்த டிரைவோடு சேர்ந்ததா?

நாற்பதுதுளை

ஆமாம். ஒருவர் டிரைவ் அடிக்க, பார்ட்னர் அதே நேரம் வலைக்கு ஓடி, உயர்ந்து வரும் பிளாக்கை அங்கேயே முடிப்பது. அழகான ஆட்டம். ஆனால் டிரைவ் எங்கே போகும் என்று பார்ட்னருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நேராக, எதிராளியின் உடம்புக்கு அல்லது நடுவில். டிரைவ் உயரமாகப் போனால் வலையில் நிற்கிற பார்ட்னர் மேல்தான் எதிராளி அடிப்பார். உங்கள் டிரைவ் பத்தில் ஏழு தாழ்வாகப் போகும் வரை பார்ட்னரை ஓடச் சொல்லாதீர்கள். பாவம், அவர் உங்களை நம்பி ஓடுகிறார்.

மெல்லடி

காற்று வீசும் நாளில் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு வரி. காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் டாப்ஸ்பின்னைக் கூட்டுங்கள், வேகத்தைக் குறையுங்கள். எதிர்க்காற்றில் தைரியமாக அடிக்கலாம், பந்து அடங்கும். குளிரில் பிளாஸ்டிக் இறுகும், சீக்கிரம் விரிசலும் விடும். பந்து திடீரென்று வேறு மாதிரி போகிறது என்றால் உங்கள் கையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பந்தைச் சுற்றிப் பாருங்கள்.

பின்கோடு (ஆறு வாரம் கழித்து)

சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் சுவர் மட்டும். முதல் நாள் பட்டைக்குள் பத்தில் மூன்று. பாதி வேகத்தில் அடிப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, கை பழைய வேகத்துக்கே ஓடியது. மணிக்கட்டை அடக்க ஒரு வழி கண்டேன்: அடி முடிந்ததும் அந்த இடத்திலேயே சிலை மாதிரி நின்று, மணிக்கட்டு இன்னும் பின்னால் மடிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. இல்லையென்றால் அந்த அடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பன்னிரண்டாம் நாள்தான் முதல் முறையாகப் பத்தில் எட்டு வந்தது.

கிரிப்பை மாற்றியதில் ஒரு வாரம் எல்லாமே கெட்டது, டிங்க் உட்பட. விட்டுவிடலாமா என்று இருந்தேன். இப்போது டிரைவுக்குத் திருப்பிப் பிடித்து, முன்னால் வரும்போது பழைய பிடிக்குத் திரும்புகிறேன். திரும்புவதற்கு இடது கை உதவுகிறது, பேடிலின் கழுத்தை அது பிடித்திருந்தால் வலது கை நகர்வது சுலபம்.

பிறகு பார்ட்னரோடு அந்த டிரைவ், பிளாக், டிராப் பயிற்சி. இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. டிராப் விழுந்தால்தான் எண்ணிக்கை என்றதும் நானாகவே டிரைவின் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். பலமாக அடித்தால் பிளாக் என்னிடம் சீக்கிரம் வந்துவிடுகிறது, காலை ஊன்ற நேரம் இல்லை. கொஞ்சம் மெதுவாக, சுழற்சியோடு அடித்தால் முன்னால் வந்து நிற்க நேரம் கிடைக்கிறது. வேகம் குறைந்தால் எனக்குத்தான் நேரம் என்பது கணக்கில் தெரிந்ததுதான், காலில் தெரிய ஒரு மாதம் ஆனது.

நேற்றைய ஆட்டத்தில் மூன்றாவது அடியாக 14 டிரைவ் அடித்தேன், பார்ட்னர் எண்ணினார். ஒன்று வெளியே, இரண்டு வலையில். எதிரணியிடமிருந்து ஐந்து முறை பந்து மேலே எழும்பி வந்தது. காலடிக்கு வந்தது மூன்று. பழைய கணக்கோடு பார்த்தால் எனக்கு இது பெரிய விஷயம்.

இருகை மேடம், இரண்டு கை பேக்ஹேண்ட் இன்னும் பிடிபடவில்லை, ஆனால் விடவில்லை. இடது கையால் மட்டும் பந்தைப் போட்டு அடித்துப் பழகுகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். டிரைவ் அடித்து முன்னால் வரும்போது, எதிராளி பந்தைத் தொடும் நேரத்தைத் தவறவிடுகிறேன். ஒன்று சீக்கிரம் நின்றுவிடுகிறேன், இல்லையென்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இருகை

மனம் நிறைந்தது. நேரத்துக்கு ஒரு வழி: எதிராளியின் பேடிலைப் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். அது பந்தை நோக்கி முன்னால் நகர ஆரம்பிக்கும்போது நீங்கள் குதிகாலைத் தரையில் இருந்து லேசாக எடுத்து, இரண்டு காலையும் அகட்டி ஒன்றாக ஊன்றுங்கள். பந்தில்லாமல் பார்ட்னரை வெறும் பேடிலை அசைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பழகினாலே பிடிபடும்.

பின்கோடு

நாளைக் காலையே முயன்று பார்க்கிறேன்.